பெயர்ச்சீட்டும் முதல் பைட்டுகளும்: திருவனந்தபுரத்தில் இருமுறை எழுந்த ஒரு கேள்வி

திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் இயங்கும் சி-டாக் நிறுவனத்தின் கணினித் தடயவியல் மையம், வழக்குகளில் கைப்பற்றப்படும் வன்தட்டுகளை ஆராய்வதற்கென உருவாக்கிய மென்பொருள்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ட்ரூபேக் என்பது தட்டினை உள்ளது உள்ளபடியே படியெடுப்பது. சைபர்செக் என்பது அந்தப் படியைத் திறந்து, அழிக்கப்பட்டவை உட்பட அதனுள் கிடப்பவற்றை ஆராய்வது. 1974-இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் சி-டாக்கோடு இணைந்த மின்னணு ஆய்வு மேம்பாட்டு மையத்தின் வழிவந்த பணி இது. இத்தகைய மென்பொருள் எதுவாயினும், தட்டினைத் திறந்தவுடன் ஒவ்வொரு கோப்பிடமும் அது கேட்கும் கேள்வி ஒன்றே: நீ உன் பெயர் சொல்லும் பொருள்தானா?

அக்கேள்விக்கு அந்நகரில் ஒரு முன்வரலாறு உண்டு. கணினி பிறப்பதற்கு முன்பே, பெயரற்ற ஓலைச்சுவடிகளின் தொடக்க வரிகளைக் கொண்டு அவற்றின் ஆசிரியரைத் தீர்மானிக்க முயன்ற ஒரு பெரும் விவாதம் அங்கே எழுந்தது. அவ்விவாதம் ஏன் இன்னும் முடியவில்லை என்பது, கோப்பு முத்திரைகளின் வரலாற்றைப் பார்த்தபின் தெளிவாகும்.

ஒரு கோப்பு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை எழுதிவைக்க மூன்று இடங்கள் உள்ளன: கோப்பின் பெயர், அதனை வைத்திருக்கும் அடைவின் பட்டியல், கோப்பின் உட்பகுதி. சுவடிக்கும் இவையே. கட்டின்மேல் செருகிய சீட்டு, நூலகத்தின் பட்டியல், ஏட்டின் முதல் வரி. சீட்டு மாறலாம், பட்டியல் சுவடியோடு பயணம் செய்வதில்லை. பெயரின் ஈற்றில் மூன்றெழுத்து நீட்டிப்பு இடும் வழக்கம் டெக் நிறுவனக் கணினிகளில் வேரூன்றி, சிபி/எம் வழியாக எம்எஸ்-டாஸுக்கு வந்தது. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் இரண்டாவது வழியை மேற்கொண்டது. கோப்பின் வகையையும் அதனை ஆக்கிய செயலியையும் நான்கெழுத்துக் குறிகளாகக் கோப்பு முறைமையே தனியே வைத்துக்கொண்டது. நேர்த்தியான ஏற்பாடுதான். ஆனால் கோப்பு வேறு கணினிக்குச் சென்ற கணமே அக்குறிகள் உதிர்ந்துவிடும்.

மூன்றாம் வழியான உள்முத்திரை, எவரும் திட்டமிட்டுப் பிறந்ததன்று. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-11 கணினியில் யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்தனர். இயக்கத்தக்க நிரல் ஒவ்வொன்றின் தலையிலும், அதன் நீளம் முதலிய விவரங்களைத் தாங்கும் ஒரு சிறு தலைப்பகுதி இருந்தது. அத்தலைப்பகுதி எட்டுச் சொற்கள் கொண்டதாக அமைந்தபோது, அதன் முதற்சொல் எண்ணடிமான முறையில் 0407. இது வெறும் அடையாள எண் அன்று. பிடிபி-11 பொறியின் மொழியில் அது ஒரு கட்டளை: ‘இங்கிருந்து தாவு’ என்பது. அடுத்த கட்டளையின் இடத்திலிருந்து ஏழு சொற்களைத் தாண்டினால், எட்டுச் சொல் தலைப்பகுதி முழுவதும் கடந்து நிரலின் உண்மையான தொடக்கத்தை அடையலாம். தலைப்பகுதியோடு சேர்த்து நினைவகத்தில் ஏற்றினாலும் நிரல் தடுமாறாமல் ஓடும்பொருட்டுச் செய்யப்பட்ட சிக்கன உத்தி அது.

பின்னர் ஒரே நிரலின் கட்டளைப்பகுதியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வசதி வந்தது. அத்தகைய கோப்புகளுக்கு 0410 என்ற எண் இடப்பட்டது. கட்டளையாகப் படித்தால் அது தலைப்பகுதியையும் தாண்டி அப்பால் ஒரு சொல் தள்ளிப்போய் விழும், பொருளற்ற தாவல். ஆனால் அதனை எந்தப் பொறியும் கட்டளையாக நிறைவேற்றப் போவதில்லை. இயங்குதளம் அந்த எண்ணைப் பார்த்து, ‘இது இன்ன வகை’ என்று அறிந்துகொள்ளும், அவ்வளவே. தாவுவதற்காகப் பிறந்த எண் அடையாளமாக மட்டும் எஞ்சியது. அதற்கு ‘மந்திர எண்’ என்ற பெயரும் வாய்த்தது. சடங்கு ஒன்றின் பயன் மறைந்து வடிவம் மட்டும் நிலைப்பதை மானிடவியலார் நன்கறிவர். பொறிகளின் உலகிலும் அது நிகழ்கிறது.

1973-இல் வெளிவந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் ‘ஃபைல்’ என்ற ஆணை சேர்ந்தது. கோப்பின் பெயரை நம்பாமல், அதன் தொடக்கத்தைப் படித்து, வகையை ஊகித்துச் சொல்வது அதன் வேலை. தொடக்கத்தில் முத்திரைகள் அந்நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. சிஸ்டம் ஃபைவ் பதிப்பில் அவை தனிப் பட்டியலாகப் பிரிந்தன. புதிய வகை வந்தால் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்றாயிற்று. 1980-களின் நடுவில் கனடாவில் இயன் டார்வின் அவ்வாணையைக் கட்டற்ற மென்பொருளாகப் புதிதாக எழுதினார். கிறிஸ்டோஸ் சூலாஸ் பின்னர் அதன் பராமரிப்பை ஏற்றார். இன்று லினக்ஸ் கணினிகளில் இயங்குவது அவ்வழியில் வந்ததே. பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகம் 2002-இல் ப்ரோனோம் என்ற கோப்புவகைப் பதிவேட்டைத் தொடங்கியதும், அதனைத் துணையாகக் கொண்டு கோப்புகளை இனங்காணும் ட்ராய்ட் என்ற கருவியை ஆக்கியதும் இதே வழியில்தான்.

பிற்காலத்தார் முத்திரைகளைத் தற்செயலுக்கு விடவில்லை. பலர் தம் பெயரைப் பொறித்தனர். எம்எஸ்-டாஸ் நிரல்களின் தலையில் நிற்கும் 77, 90 என்ற இரு பைட்டுகள் மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளரின் முன்னெழுத்துகள்; 1989-இல் ஸிப் சுருக்கமுறையை வெளியிட்ட பில் காட்ஸ் அவ்வாறே 80, 75 என்று தொடங்கினார். கோயிற்கல்லில் தச்சன் இட்ட குறிபோல, உலகெங்கும் கோடிக்கணக்கான கோப்புகளில் அவை கிடக்கின்றன.

எனினும் அறிவார்ந்த முத்திரை என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின், 1996-இல் முறைப்படுத்தப்பட்ட பிஎன்ஜி படக்கோப்பினுடையதைச் சுட்டலாம். எட்டு பைட்டுகள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இரண்டாவது முதல் நான்காவது வரையுள்ள மூன்றும் அவ்வகையின் பெயரெழுத்துகள். ஏனைய ஐந்தும் காவலர்கள். 137 என்பது ஏழு பிட்டுகளுக்குள் அடங்காத எண். எட்டாம் பிட்டை வெட்டி அனுப்பும் பழைய தொடர்புவழியில் கோப்பு சென்றிருந்தால் அது 9 ஆகச் சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். 13, 10 என்பவை டாஸ் முறையில் வரியை முடிக்கும் இணை; இறுதியில் தனித்து நிற்கும் 10 யூனிக்ஸ் முறையில் வரிமுடிவு. இடையிலே ஏதேனும் ஒரு மென்பொருள் இதனை எழுத்துரை என்று பிழையாகக் கருதி வரிமுடிவுகளைத் ‘திருத்தி’யிருந்தால், இவ்விரண்டில் ஒன்றேனும் சிதையும். 26 என்பது டாஸில் உரை முடிந்தது என்பதற்கான குறி. எவரேனும் படத்தை உரையாகத் திரையிட முயன்றால் அங்கேயே நின்றுவிடும். முத்திரை இங்கே வகையைச் சொல்வதோடு, வழியில் நேர்ந்த ஊறுகளையும் சொல்கிறது. சுவடியியலில் இதற்கு நிகர், ஏடெழுதியவன் தன் பிழைகளைத் தானே காட்டிக்கொடுக்கும் வகையில் எழுதிவைப்பதே. அப்படி எழுதியவர் எவருமில்லை.

இவ்வளவு நம்பத்தக்கதாயின் சிக்கல் எங்கே? பில் காட்ஸின் முன்னெழுத்துகளில்தான். 80, 75, 3, 4 என்று தொடங்கும் ஒரு கோப்பை எடுத்துக்கொள்க. அது ஸிப் கட்டாக இருக்கலாம். 2007-க்குப் பிந்தைய வேர்டு ஆவணமாக இருக்கலாம். எக்செல் அட்டவணையாக, லிப்ரே ஆஃபிஸ் கோப்பாக, ஈபப் மின்னூலாக, ஜாவா நிரற்கட்டாக, ஆண்ட்ராய்டு செயலியாகவும் இருக்கலாம். இவை யாவும் ஸிப் பெட்டியையே உறையாகக் கொண்டவை. அதற்கு முந்தைய தலைமுறையில் 208, 207, 17, 224 என்ற தொடக்கம் வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் மூன்றுக்கும் பொதுவாக நின்றது. முத்திரை பெட்டியைச் செய்த பட்டறையைச் சொல்கிறது. பெட்டிக்குள் இருப்பது வேறு கேள்வி.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. ஜிஃப் படத்தை அதன் தலையிலிருந்து படிக்க வேண்டும். ஸிப் கட்டின் பொருளடக்கமோ வாலில் இருக்கிறது. ஆகவே தலையில் ஜிஃப்பும் வாலில் ஸிப் வழிவந்த ஜாவா கட்டும் ஒட்டிய ஒரே கோப்பு, படம் காட்டும் நிரலுக்குப் படமாகவும் ஜாவாவுக்கு நிரலாகவும் தோன்றும். 2008-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இத்தகைய இருமுகக் கோப்புகளைச் செய்து காட்டி, படம் என்று நம்பி ஏற்றுக்கொள்ளும் இணையதளங்களை எச்சரித்தனர். அங்கே ‘இது உண்மையில் என்ன?’ என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. யார் படிக்கிறார் என்பதைப் பொறுத்தே விடை.

இனிச் சுவடிகளுக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையின் தருவை ஊரிற் பிறந்த த. கணபதி சாஸ்திரி (1860–1926) திருவிதாங்கூரில் வடமொழிச் சுவடிப் பதிப்புப் பணிக்குத் தலைமை ஏற்றிருந்தார். 1905-இல் தொடங்கிய திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசை அவருடைய உழைப்பின் பயன். சுவடி தேடிச் சென்ற பயணம் ஒன்றில், 1909–10 வாக்கில், பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் 105 ஏடுகள் கொண்ட ஒரு கட்டு அவருக்குக் கிடைத்தது. எழுத்து மலையாளம், மொழி வடமொழி, உள்ளே நாடகங்கள். (மணலிக்கரை இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லைக்குள் உள்ளது.) வேறிடங்களிற் கிடைத்தவற்றையும் சேர்த்து எண்ணிக்கை பதின்மூன்றாயிற்று. நாடகத்தின் பெயர் இறுதியில் உண்டு. ஆசிரியர் பெயர் எங்கும் இல்லை.

சாஸ்திரியார் முதல் வரிகளைப் பார்த்தார். காளிதாசர் முதலியோர் நாடகங்களின் வழக்கமான பதிப்புகளில் முதலில் நாந்தி எனும் வாழ்த்துச் செய்யுள் வரும். அதன்பின்பே நாந்தி முடிந்தது, சூத்திரதாரன் பேசுகிறான் என்ற அரங்கக் குறிப்பு வரும். இந்தச் சுவடிகளிலோ அக்குறிப்பே முதலில் நின்றது; சூத்திரதாரன் நுழைந்தபின்பே செய்யுள். முன்னுரைப் பகுதிக்கு வழக்கமான ‘பிரஸ்தாவனை’ என்ற பெயருக்கு மாறாகப் பெரும்பாலானவற்றில் ‘ஸ்தாபனை’ என்றிருந்தது. அம்முன்னுரையில் ஆசிரியர் தம் பெயரைக் கூறும் மரபும் இல்லை. இந்த உள்ளடையாளங்களை அவர் வெளிச்சான்றுகளோடு இணைத்தார். ஏழாம் நூற்றாண்டின் பாணர், பாசரின் நாடகங்கள் சூத்திரதாரனால் தொடங்கப்பெறுபவை என்று குறித்திருந்தார். பாசரின் நாடகங்களைத் தீயிலிட்டுச் சோதித்தபோது சுவப்னவாசவதத்தம் மட்டும் வேகவில்லை என்ற செய்தி ராஜசேகரர் பெயரில் வழங்கியது. சுவடிக்கட்டில் அதே பெயருடைய நாடகம் இருந்தது. பதின்மூன்றும் ஒரே முத்திரை உடையவை, ஒன்று பாசருடையது, ஆகவே அனைத்தும் பாசருடையவை. 1912-இல் சுவப்னவாசவதத்தம் அச்சேறியபோது, பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த ஒரு பெருங்கவி மீண்டுவந்ததாக உலகம் கொண்டாடியது.

ஐந்தாண்டு கழித்து, அதே நூல்வரிசையில், அதே சாஸ்திரியார் பதிப்பித்த மற்றொரு நூலே அந்த வாதத்தைக் குலைத்தது. 1917-இல் வெளிவந்த மத்தவிலாசப் பிரகசனம், காஞ்சியை ஆண்ட பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனின் நகைநாடகம். அதன் ஆசிரியர் யார் என்பதில் ஐயமில்லை. முன்னுரையிலேயே பெயர் வருகிறது. ஆனால் அதன் தொடக்கமும் அவ்வாறே: அரங்கக் குறிப்பு முதலில், செய்யுள் பிறகு. பாசரின் தனி முத்திரை என்று கருதப்பட்டது ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னனின் நூலிலும் இருந்தது. எல். டி. பார்னெட் இதனைப் பற்றிக்கொண்டு, திருவனந்தபுரம் நாடகங்கள் ஏழாம் நூற்றாண்டளவில் பாண்டிய அரசவைக் கவி ஒருவரால் ஆக்கப்பட்டவை என்று வாதிட்டார். கே. ராம பிஷாரடி முதலியோர், கூடியாட்டம் நிகழ்த்திய சாக்கியர்கள் தம் மேடைக்கேற்பத் தொகுத்தும் திருத்தியும் வழங்கிய வடிவங்களே இவை என்றனர். தென்னாட்டுச் சுவடிகளில் வேறு நாடகங்களும் இவ்வாறே தொடங்குவது சுட்டிக்காட்டப்பட்டது. சுவப்னவாசவதத்தத்திலிருந்து எடுத்ததாக நாட்டியதர்ப்பணம் காட்டும் ஒரு செய்யுள் அச்சிட்ட நூலில் இல்லை என்பதும் வெளிவந்தது.

அதாவது, தொடக்க வரி நாடகத்தை எழுதியவரின் முத்திரையாக இல்லாமல், நாடகத்தைத் தாங்கிவந்த அரங்க மரபின் முத்திரையாக இருக்கக்கூடும். பில் காட்ஸின் எழுத்துகள் வேர்டு ஆவணத்தை எழுதியவரைச் சொல்லாதது போல. சாஸ்திரியார் பிழை செய்தார் என்று கூறுவது எளிது, நியாயமாகாது. அவர் கண்ட உள்ளொற்றுமை மெய்யானது. அப்பதின்மூன்றுள் பல ஒன்றோடொன்று நெருங்கிய உறவுடையவை என்பதை மறுப்போர் குறைவு. சுவப்னவாசவதத்தத்தின் கரு பாசருடையது என்று ஏற்போர் இன்றும் பலர். பிழை ஒரே இடத்தில் நுழைந்தது: ‘ஒரே மாதிரி தொடங்குகின்றன’ என்பதிலிருந்து ‘ஒரே ஆளிடமிருந்து வந்தன’ என்று தாவிய இடத்தில்.

கணினித் தடயவியலில் அதே தாவலுக்கு விலை அதிகம். கூண்டில் ஓர் ஆள் நிற்கிறார். படக்கோப்பு ஒன்றின் நீட்டிப்பை மாற்றிக் கணினியின் சொந்தக் கோப்புகளிடையே ஒளித்துவைப்பது பழைய தந்திரம். தொடக்கத்தில் 255, 216, 255 என்று இருப்பது தெரிந்தவுடன் தந்திரம் வெளிப்படும். அழிக்கப்பட்ட கோப்பும் அவ்வாறே. ஃபேட் முறைமையில் ஒரு கோப்பை அழிக்கும்போது அடைவில் அதன் பெயரின் முதலெழுத்து 229 என்ற எண்ணாக மாற்றப்பட்டு, அதற்குரிய இடங்கள் காலி என்று குறிக்கப்படுகின்றன; அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். பெயரும் பட்டியலும் போனபின், 255, 216 என்ற தலையையும் 255, 217 என்ற வாலையும் தேடி இடையிலுள்ளதைச் செதுக்கி எடுப்பதே வழி. துண்டு துண்டாகச் சிதறிய கோப்பில் இம்முறை பொய்யான ஒட்டுகளைத் தரும் என்பதையும் ஆய்வாளர் எழுதிவைக்கக் கடமைப்பட்டவர்.

ஆனால் பெயரும் முத்திரையும் முரண்படுவது தன்னளவிலேயே வஞ்சகத்துக்குச் சான்றாகாது. பல இணையதளங்கள் ‘எக்செல்’ என்று தரவிறக்கித் தரும் அறிக்கை உண்மையில் எச்டிஎம்எல் அட்டவணையாக இருப்பது அன்றாட நிகழ்ச்சி. எக்செல் மென்பொருளே அதனைத் திறக்குமுன் எச்சரிக்கிறது. அக்கோப்பை வைத்திருப்பவர் எதையும் ஒளிக்கவில்லை. மறுபுறம், 2000 மே மாதம் உலகைச் சுற்றிய ‘ஐ லவ் யூ’ புழுவில் பெயரும் உள்ளடக்கமும் முரண்படவே இல்லை. இறுதி நீட்டிப்பு அதனை நிரல் என்றே அறிவித்தது; விண்டோஸ் அதனை மறைத்துவிட்டு, முன்னிருந்த உரைக்கோப்பு நீட்டிப்பை மட்டும் காட்டியது.

2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு தரப்படும் சான்றிதழில் அதன் ஹேஷ் மதிப்பையும் குறிக்கச் சொல்கிறது. கைப்பற்றிய நாளிலிருந்து பதிவு மாறவில்லை என்பதற்கு அது உறுதி. அப்பதிவு என்ன வகை, யார் ஆக்கியது என்பவற்றுக்கு அது விடை கூறாது. வழக்குரைஞர்களும் மாணவர்களும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவது அரிதன்று.

எந்த முத்திரையும் இல்லாத கோப்புகளும் உண்டு. வெற்று எழுத்துரைக்குத் தலைப்பகுதி கிடையாது. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் எழுதிய தமிழாயின் தப்பிப்பிழைக்கும்: தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு, 224, 174 அல்லது 224, 175 என்ற இணை ஒவ்வொன்றின் தலையிலும் திரும்பத் திரும்ப வரும். 1990-களில் தட்டச்சானவற்றின் நிலை வேறு. டிஸ்கி, 1999-இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப், அவற்றுக்குப் புறம்பே அச்சகத்துக்கு அச்சகம் மாறிய எழுத்துருக்கள் எனப் பல குறியேற்றங்கள் வழங்கின. வேர்டு ஆவணமாயின் எழுத்துருவின் பெயர் உள்ளே பதிந்திருக்கும். வெற்றுரையாகச் சேமித்தவற்றில் அதுவும் இல்லை. ஈழத்தமிழரும் புலம்பெயர்ந்தோரும் பெரிதும் கையாண்ட பாமினியில் ‘அம்மா’ என்ற சொல் 109, 107, 59, 107, 104 என்ற ஐந்து பைட்டுகள். அத்தனையும் ஆங்கிலத் தட்டச்சுக்குறிகள். ஃபைல் ஆணையிடம் கேட்டால் ‘ஆஸ்கி எழுத்துரை’ என்று விடை வரும். அந்த விடையில் பிழை ஏதும் இல்லை.

அத்தகைய கோப்பை இனங்காண ஒரு வழி உள்ளது. 59 என்பது அரைப்புள்ளி. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதுவே குறி. ஆங்கில உரையில் அரைப்புள்ளி சொல்லின் நடுவே வராது. தமிழ் உரையில் புள்ளியின்றி ஒரு வரி செல்வது அரிது. சொற்களின் நடுவே 59 அடர்ந்து கிடந்தால் அது பாமினி அமைப்பு என்று துணியலாம். அதே அமைப்பைப் பின்பற்றிய எழுத்துருக்கள் வேறு பலவும் இருந்தன. அவற்றுள் எதைக் கொண்டு அந்தப் பக்கம் அச்சாயிற்று என்பதை அரைப்புள்ளியிடம் கேட்க முடியாது.